இன்னொருவர் கையால் ஒரு முழம்

மார்ச் 3, செவ்வாய்

நடந்த தவறு இது. நான் பல் பிடுங்கப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், என்னைக் கேட்காமல், என் தம்பி ஒரு பழம்பொருள் கடைக்காரரை வீட்டுக்குள் கூட்டிவந்து என் தையல் மிஷினுக்கு விலை கேட்டிருக்கிறான். அவர் மூடியைத் திறந்திருக்கிறார். சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார். டார்ச் அடித்து அதன் வயிற்றுக்குள் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு காகிதத்தில், "அலங்காரப் பொருள். இயங்கும் நிலையில் இல்லை" என்று எழுதி, கீழே ஒரு விலையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த விலைக்கு ஒரு நல்ல குக்கர் வரும். மூடி இல்லாமல்.

பின்னால் யாரும் "அப்படியெல்லாம் நடக்கவில்லை" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் தேதி போட்டு எழுதுகிறேன்.

வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. இதையும் யோசித்துத்தான் இந்த நாளைப் பிடித்தானோ?

மார்ச் 4, புதன்

பஞ்சை எடுத்தாயிற்று. பேசினேன்.

இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி வீடு மாறுகிறோம். புது வீடு நாலாவது மாடி. அறைகள் சின்னவை. தம்பி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறான். ஒரு பக்கம் "வரும்", மறுபக்கம் "வராது". என் மிஷின் "வராது" பக்கத்தில், கால் உடைந்த ஏணிக்கும் பழைய வாளிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

"அக்கா, உனக்குத் தனி ரூம் இருக்கு. கட்டில் போட்டு பீரோ போட்டா முடிஞ்சுது. மிஷினை எங்க வைக்கிறது? தலையிலயா?"

"உன் தலையில வை. காலியாத்தானே கெடக்கு."

அவன் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி, "அண்ணி, கோவப்படாதீங்க. எது எதுக்கு உபயோகம்னு பாத்துத்தான் எழுதினோம்" என்றாள். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். எதையும் அடுக்கி, எழுதி, ஒதுக்கிவிடுவாள்.

உபயோகமாம். ஒரு விடுதிக்கு முழுக்கத் தலையணை உறை தைத்தது எது? மூன்று மருத்துவமனைக்குத் திரைச்சீலை தைத்தது எது? இந்தத் தம்பி டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராகச் சேரும்முன் தானே வண்டி ஓட்டப் பழகினானே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

இதையெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பொறுமையாகக் கேட்கிறவனிடம் சண்டை போடுவது கஷ்டம்.

"சரிக்கா. கடைசி ஆறு வருஷத்துல என்ன தைச்சே?"

நான்கு தலையணை உறை. ஒரு பையின் வார். பல்லுக்கு மருந்து போடணும் என்று எழுந்து வந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன், இது எனக்கு மட்டும்தானே.

மார்ச் 5, வியாழன்

காலையில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து அவன் கண்ணெதிரே தைத்துக் காட்டினேன். இயங்கவில்லை என்றால் இது என்ன?

நூலுக்குச் சோப்புத் தடவினேன். துணியைப் பின்பக்கமிருந்து இடது கையால் இழுத்துப் பிடித்தேன். ஆறு மிதி, ஒரு நிறுத்தம். ஆறு மிதி, ஒரு நிறுத்தம். நிறுத்தாவிட்டால் நூல் அறுந்துவிடும். அது அதன் குணம். நாற்பத்தொரு வருடமாக அந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அதனால்தான் அதை யாரையும் தொடவிட்டதுமில்லை. குணம் தெரியாதவர்கள் தொட்டால் கெடுத்துவிடுவார்கள்.

ஒரு சாண் நீளம் தைத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். நகத்தால் கீறினான். டிரைவிங் கற்றுக்கொள்கிறவர்களை எப்படிப் பார்ப்பானோ அப்படி என்னைப் பார்த்தான்.

"இது மிஷின் தைக்கலைக்கா. உன் பிடிவாதம் தைக்குது."

மார்ச் 7, சனி

பழம்பொருள் கடைக்குப் போனேன். தனியாக. இரண்டு பேருந்து மாறி.

உள்ளே நுழைந்தேன். மிஷின்களின் இரும்புக் கால்கள் எல்லாம் மேஜைகளாக நிற்கின்றன. மேலே கண்ணாடி, அதன் மேல் பூச்சாடி. மிதிப்பலகைக்குக் கறுப்புப் பளபளப்பு அடித்திருக்கிறது. மிதித்தால் எதுவும் ஓடாது. தலைகளையெல்லாம் கழற்றி மேல் அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

கடைக்காரர் மெலிந்த மனிதர். கெட்டவர் என்று நினைத்துப் போனேன். டீ வரவழைத்துவிட்டார். டீ கொடுத்தவரைத் திட்டுவது எப்படி? பாதி குடித்துவிட்டுத் திட்டினேன்.

"அம்மா, பழசுன்னா எல்லாமே அபூர்வம்னு இல்லீங்க. உங்க மாடல் லட்சக்கணக்குல வந்தது. எந்த ஊர்ப் பரணுக்குப் போனாலும் ஒண்ணு கிடைக்கும். தங்கப் பூ வேலை முழுசா இருந்தா கொஞ்சம் கூடக் கொடுப்பேன். உங்களுதுல பாதி தேஞ்சுபோச்சு."

"தேஞ்சது என் கை பட்டு."

"அது புரியுதும்மா. ஆனா கை பட்ட இடத்துக்கு யாரும் காசு கொடுக்கறதில்ல."

"ஓடுதில்ல? அதுக்கு?"

"நான் ஓட்டிப் பாத்தேன். பத்து தையல்ல நூல் பந்தாச் சுருண்டு உக்காந்துடுச்சு."

"உங்களுக்கு ஓட்டத் தெரியல."

"சரி. தெரிஞ்ச ஒருத்தரைச் சொல்லுங்க. உங்களைத் தவிர."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஓடற மிஷினை ஓடற மிஷின்னு எப்படிம்மா எழுதறது? வாங்கறவங்க உங்களையும் சேத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

திரும்பி வரும்போது முதல் பேருந்தில் அவர்மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது பேருந்தில் அவர் கேட்டது ஞாயமான கேள்வியா என்று யோசித்தேன். இறங்கும்போது ஞாயம் இல்லை என்று முடிவுசெய்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒப்பந்தம். தம்பி, அவன் மனைவி, நான், மூவரும் இருந்த இடத்தில் பேசியது:

இருபதாம் தேதிக்குள், நான் அல்லாத வேறு ஒருவர் என் மிஷினில் ஒரு முழம் நேராகத் தைத்துவிட்டால், மிஷின் புது வீட்டுக்கு வரும். தைக்காவிட்டால் பழம்பொருள் கடைக்கு. தைக்கும்போது நான் வாய் திறக்கக் கூடாது.

"வாய் திறக்காம இருப்பியா?" என்றான்.

"நான் எப்போ வாய் திறந்திருக்கேன்?"

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். மரியாதைக்குத்தான்.

மார்ச் 9, திங்கள்

முதல் ஆள் தம்பியே. மிதிப்பலகையை கிளட்ச் மாதிரி மிதித்தான். சக்கரம் பின்னால் சுற்றியது. துணி அவன் மடிக்கே திரும்பி வந்தது. "ரிவர்ஸ் எடுக்குதுக்கா" என்றான். அவன் மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும்தான். பிறகு அவன் முன்னால் ஓட்டினான், பத்துத் தையலில் நூல் பந்து.

அவன் வேண்டுமென்றே செய்யவில்லை. உண்மையாகவே முயற்சி செய்தான். அதுதான் வருத்தம்.

மார்ச் 10, செவ்வாய்

எதிர்வீட்டு நர்ஸ் முயன்றார். பந்து. தபால்காரர் மனைவி முயன்றார், தையல் கடையில் வேலை பார்த்தவர். பந்து. கத்தரியால் வெட்டித்தான் துணியை எடுக்க வேண்டியிருந்தது. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார், துக்கம் விசாரித்த வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி.

மார்ச் 12, வியாழன்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தேதி போட்டு எழுதுகிறேன் என்று ஆரம்பித்தாயிற்று. எனக்குப் பாதகமானதை மட்டும் விட்டுவிட்டால் அது என்ன எழுத்து.

கடைத்தெருவில் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் பெண்ணை வரச்சொன்னேன். லாரிக்கும் கடை வாசலுக்கும் கூடாரத்துக்கும் தைப்பவள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவள். குரல் தெருமுனைவரை கேட்கும்.

உட்கார்ந்தாள். தைத்தாள். பந்து. மறுபடி. பந்து. மூன்றாவது தடவை நிறுத்தினாள். மற்றவர்களைப் போல எழுந்துவிடவில்லை. குனிந்தாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். ஊசியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஊசியை யாரு மாட்டினது?"

"நான்தான்."

"எப்பவும் இப்படித்தானா?"

"நாப்பத்தொரு வருஷமா."

அவள் நெற்றியை மிஷின் பலகையில் வைத்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"பக்கம் மாத்தி மாட்டியிருக்கீங்கக்கா. தட்டையான பக்கம் அந்தாண்ட வரணும். நூலையும் எதிர்ப்பக்கத்துலேர்ந்து கோத்திருக்கீங்க. இதுல எப்படிக்கா தைச்சீங்க? நியாயமா ஒரு தையல்கூட விழக்கூடாதே."

"இதுதான் சரி. என் கண்ணால பாத்துக் கத்துக்கிட்டது."

"யாருகிட்ட?"

சொன்னேன். இருபத்தெட்டு வயதில் ஒரு தையல்காரரிடம் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் வேலைக்கு இருந்தேன். மிஷினைத் தொடவிடமாட்டார். சொல்லித்தர மாட்டார். இரண்டு வருடம் என் வேலையைச் செய்துகொண்டே அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவு விடாமல். எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த மிஷினை வாங்கினேன். யார் தயவும் இல்லாமல்.

"எங்க உக்காந்து பாத்தீங்க?"

"அவருக்கு எதிர்ல."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டுவிட்டது. எதிரில். அவருடைய இடது பக்கம் எனக்கு வலது.

அவள் ஊசியைத் திருப்பி மாட்டப் போனாள். நான் அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டேன். "டீ குடிச்சுட்டுக் கிளம்பு" என்றேன். குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று, "அக்கா, தப்பா மாட்டின ஊசியில நாப்பத்தொரு வருஷம் தைச்ச ஆளை நான் பாத்ததேயில்ல. உங்க கையைக் காட்டுங்க" என்றாள்.

காட்டவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அவள் சொன்னது தவறு.

மார்ச் 14, சனி

தவறாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

தம்பியும் அவன் மனைவியும் புது வீட்டு ஜன்னல்களை அளக்கப் போனார்கள். வீட்டில் நான் மட்டும். காலை பத்தரை மணி.

வெளிக்கதவைத் தாழ் போட்டேன். என் வீட்டில் நானே திருடி மாதிரி. ஊசியைக் கழற்றி, திருப்பி மாட்டினேன். கை பழைய பக்கத்துக்கே போகிறது, இரண்டு தடவை தட்டிவிட்டேன். நூலை மறுபக்கத்திலிருந்து கோத்தேன். நாற்பத்தொரு வருடமாகத் தளர்த்தியே வைத்திருந்த திருகை இறுக்கினேன். சோப்பு தடவவில்லை. துணியைப் பின்னாலிருந்து இழுக்கவில்லை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன், அது என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது.

மிதித்தேன்.

ஆறாவது மிதியில் கால் தானாக நின்றது. நிற்க வேண்டியதில்லை என்று காலுக்குத் தெரியவில்லை. மறுபடி மிதித்தேன். ஏழு. எட்டு. பதினைந்து. துணி தானாக நகர்ந்தது. நான் எதுவும் செய்யவில்லை. துணி முடிந்து, ஊசி வெறும் பலகைக்கு மேல் தைத்துக்கொண்டிருந்தது, நான் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

எடுத்துப் பார்த்தேன். மேலே கீழே ஒரே மாதிரி. கடுகு வரிசை வைத்த மாதிரி.

முதலில் அந்தத் தையல்காரர்மேல் வந்தது கோபம். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து பார் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். அப்புறம் என்மேல் வந்தது. அந்த மூன்று மருத்துவமனைத் திரைச்சீலை, அத்தனை தலையணை உறை, எல்லாம் ஆறு மிதி ஒரு நிறுத்தம், ஆறு மிதி ஒரு நிறுத்தம்... எத்தனை நாள், எத்தனை தோள்வலி. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால். நான் கேட்கவில்லை. நான்தான் யாரையும் கேட்கிற ஆள் இல்லையே.

அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தனியாக உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டு அதற்கு "குணம்" என்று பெயர் வைத்திருக்கிறேன், பாவி.

கையில் கிடைத்ததையெல்லாம் தைத்தேன். பழைய துண்டுகளைச் சேர்த்துப் பாத்திரம் கட்டுகிற பை நான்கு. சாக்குக்கு வாய். நாலாக மடித்த ஜீன்ஸ் துணி. எட்டாக மடித்தேன். ஏறியது. தம்பியின் பழைய பேண்ட் இரண்டின் காலை அடைத்துத் தைத்து, செருப்பு போட்டு எடுத்துப்போகப் பை ஆக்கினேன்.

அதில் ஒன்று பழைய பேண்ட் இல்லையாம். வந்ததும் தெரிந்தது.

மார்ச் 16, திங்கள்

தம்பி அந்தப் பேண்ட்டை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். "கால் விட இடமில்ல. ஆனா தையல் அருமையா இருக்கு" என்றான்.

ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது, தலை நிமிராமல், ஒரே மூச்சில். கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டு, "நீ லைசன்ஸ் எடுக்காததே நல்லது. நாப்பத்தொரு வருஷமும் ராங் சைடுல போயிருப்ப" என்றான்.

அவன் மனைவி சிரிக்கவில்லை. மிஷின் இருந்த அறையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18, புதன்

குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு சத்தம். தடதட இல்லை, மழை ஒரே சீராகத் தகரத்தில் விழுகிற மாதிரி. பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்தேன். நல்ல சத்தமாக இருக்கிறதே என்று நின்று கேட்டேன்.

அப்புறம் புரிந்தது. அது என் மிஷின். வெளியிலிருந்து அதை நான் கேட்டதேயில்லை. அது ஓடும்போதெல்லாம் நான் அதன் மேல்தான் குனிந்திருந்தேன்.

ஈரத் தலையோடு ஓடினேன், கத்துவதற்கு. தம்பி மனைவி உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி அவளுக்கு உயரம், நுனியில் உட்கார்ந்து கால் எட்டி எட்டி மிதிக்கிறாள். புது வீட்டுத் திரைச்சீலைத் துணி மடியில் குவிந்து கிடக்கிறது. நாக்கு உதட்டோரத்தில். என்னைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டாள்.

வாயைத் திறந்தேன். ஒப்பந்தம் நினைவு வந்தது. மூடினேன். நான் அப்படி மூடியதை அவள் முன்பு பார்த்ததில்லை; பயந்துவிட்டாள்.

"ஒரு முழம் ஆச்சா அண்ணி?"

துணியை எடுத்து முழம் போட்டேன். என் கையால். ஒன்று. இரண்டு. இரண்டரை. கடைசியில் கொஞ்சம் வடக்கே போகிறது. நான் வந்து நின்ற இடம் அது.

"ரெண்டு முழம் நேரா இருக்கு" என்றேன். "மீதி நான் பயமுறுத்தினதுல போச்சு."

தம்பி ஃபிரிட்ஜ் பட்டியலில் கோடு போட்டு எழுதினான்: வரும்.

ஈரத் தலையோடு சாயங்காலம்வரை இருந்தேன். துவட்ட மறந்துபோய்.

மார்ச் 21, சனி

சும்மா இருக்கவிடுவார்களா?

தார்ப்பாய்க்காரிக்கு விஷயம் போய்விட்டது. எட்டு மடிப்பு ஏறியது என்று நான்தான் கடைத்தெருவில் சொன்னேன், பெருமைக்கு. வந்துவிட்டாள், தார்ப்பாய்த் துண்டோடு. ஓட்டிப் பார்த்தாள். மூன்று மடிப்பு தார்ப்பாய், வார், இரும்பு வளையம் வைக்கிற மூலை. எல்லாம் ஏறியது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு தம்பியிடம் ஒரு விலை சொன்னாள். இரண்டு புது மிஷின் வாங்கலாம்.

"இந்த இரும்பு இப்போ வர்றதில்லண்ணா. இது அழகுக்கு வைக்கிற சாமானே இல்ல, வேலைக்காரி. என் கடைக்குக் குடுங்க. தினம் எட்டு மணி நேரம் ஓட்டுவேன்."

தம்பி முகம் மாறியது. நான் பார்த்தேன்.

"அக்கா, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இப்போதான் அதுக்கு ஒரு விலை வந்திருக்கு. யோசி."

இது எந்த ஊர் ஞாயம்? எனக்கு மட்டும் ஓடியபோது விலை இல்லை, தள்ளு என்றார்கள். எல்லோருக்கும் ஓடுகிறது என்றதும் விலை வந்துவிட்டது, வில் என்கிறார்கள். நான் ஊசியைத் திருப்பாமலே இருந்திருக்கலாம்.

அதைவிட மோசம், அவள் சொன்னது சரி. தினம் எட்டு மணி நேரம். என்னிடம் அது என்ன செய்யும்? வருடத்துக்கு ஒரு தலையணை உறை. உபயோகம் என்று வாதாடியது நான்தானே. அந்த வாதத்தை அப்படியே எடுத்து என்னையே அடிக்கிறாள், சிரித்த முகத்தோடு.

நாளை பதில் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் தார்ப்பாய்க்காரி வந்து உட்கார்ந்தாள். தம்பி உட்கார்ந்தான். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சரி எடுத்துட்டுப் போ என்று சொல்லத் தயாராக இருந்தேன். உண்மையாகவே. ராத்திரி முடிவுசெய்துவிட்டேன்.

சொல்லவிடவில்லை. தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்று, "அது எங்கயும் போகாது" என்றாள்.

மூவரும் திரும்பினோம். இந்த வீட்டில் அந்தக் குரலில் பேசுவது நான் ஒருத்திதான்.

"எனக்கு இன்னும் மூணு ஜன்னல் பாக்கி. அதுக்கப்புறம் மெத்தை உறை. அதுக்கப்புறம் என்னன்னு இன்னும் யோசிக்கல. யோசிப்பேன்."

"நீதானேம்மா வராதுன்னு எழுதினே?" என்றான் தம்பி.

"ஆமா, நான்தான் எழுதினேன்." அவள் என்னைப் பார்த்தாள். "கல்யாணம் ஆகி வந்த ரெண்டாவது வாரம் அண்ணி. நீங்க துணி அளந்துட்டிருந்தீங்க. நான் சக்கரத்துமேல கையை வச்சேன், எப்படிச் சுத்துதுன்னு பாக்க. நீங்க நிமிராமயே 'கை'ன்னீங்க. அவ்வளவுதான். ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு வருஷமா அந்த ரூமைப் பெருக்கியிருக்கேன். அதைச் சுத்தித்தான் பெருக்குவேன். தொட முடியாத சாமானை எதுக்கு நாலு மாடி ஏத்தணும்னு எழுதினேன்."

எனக்கு நினைவே இல்லை. ஒரு துளி நினைவில்லை. சொல்லியிருப்பேன். நான்தான் சொல்லியிருப்பேன், வேறு யார்.

இருபது நாளாக இந்த நோட்டில் எனக்கு நடந்த தவறை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் ஒரு நோட்டு இருந்திருந்தால் எத்தனை பக்கம்?

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எனக்கு அது வராது. நாக்குக்கு அந்த மடிப்பு இல்லை. எழுந்து போய், கட்டிலடியிலிருந்து தம்பி கார் கழுவும்போது உட்காரும் தாழ்ந்த முக்காலியை எடுத்து வந்து, தட்டித் துடைத்து, மிஷின் முன்னால் போட்டேன்.

"இதுல உக்காரு. அந்த நாற்காலி உனக்கு உயரம். இடுப்பு போயிடும்."

அவள் உட்கார்ந்து பார்த்தாள். கால் முழுதாகப் பதிந்தது.

தார்ப்பாய்க்காரி பெருமூச்சு விட்டாள். "சரி, மிஷின் வேணாம். வேலையையாவது எடுத்துக்குங்க. மூலை வளையத் தையல், என் பொண்ணுங்க யாருக்கும் ஒழுங்கா வரல. வாரத்துக்கு ஒரு கட்டு கொண்டாந்து போடறேன். ரெண்டு பேரும் தைச்சுக் குடுங்க."

"ரெண்டு பேருமா?" என்று நானும் தம்பி மனைவியும் ஒன்றாகக் கேட்டோம்.

"ஒரே மிஷின்ல எப்படி?" என்றான் தம்பி.

"உங்க வீட்டுல ஒரு ஸ்டியரிங்தானே? ரெண்டு பேர் பிடிக்கலையா?" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

சண்டை. தம்பி மனைவி மூலையைத் திருப்பும்போது ஊசியை மேலே தூக்கிவிட்டுத் திருப்புகிறாள். ஊசி துணிக்குள் இருக்கும்போதுதான் திருப்ப வேண்டும் என்றேன். "அது நீங்க எதிர்ல உக்காந்து பாத்தது அண்ணி" என்றாள்.

தார்ப்பாய்க்காரியைக் கேட்டோம். இது நான் சொன்னதுதான் சரி. தேதி போட்டு எழுதுகிறேன்.

மார்ச் 26, வியாழன்

பழம்பொருள் கடைக்காரர் தொலைபேசியில். இரும்புக்கால் மேஜை வேண்டுமென்று ஆட்கள் கேட்கிறார்களாம், விலையைக் கொஞ்சம் ஏற்றித் தரலாம் என்றார். என் மிஷின் வேலைக்குப் போகிறது என்று சொன்னேன். எந்த வேலைக்கு என்று கேட்டார். லாரிகளுக்கு உடுப்பு தைக்கிற வேலை என்றேன். சிரித்தார். நல்ல மனிதர். புது வீட்டில் இடம் பிடிக்கிற பெரிய கண்ணாடி ஷோகேஸ் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். ஷோகேஸ் தம்பியுடையது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

சொன்னேன். என்னைக் கேக்காம எப்படி விலை பேசலாம் என்று கத்தினான். கத்திவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி குனிந்து அட்டைப்பெட்டிக்குள் எதையோ தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

மார்ச் 28, சனி

நாளை லாரி. யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டப் போகிறேன். முதலில் இங்கே.

பழம்பொருள் கடைக்காரர்: ஏழரைக்கு வந்து ஷோகேஸை எடுக்க வேண்டும். கண்ணாடிக் கதவுகளைத் தனியாகக் கழற்ற வேண்டும். டீ உண்டு.

தார்ப்பாய்க்காரி: இரும்புக் காலை நாலு மாடி ஏற்ற இரண்டு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வர வேண்டாம். வந்தால் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டே இருப்பாள். வருவாள்.

தம்பி: மிஷின் தலையைக் கழற்றித் தன் காரில் முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். டிவி லாரியில் வரட்டும். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக. போய்ச் சேர்ந்ததும் கூடத்து ஜன்னலுக்கு நேராக, வெளிச்சம் இடது பக்கம் விழும்படி மிஷினை நிறுத்தி, நான்கு காலும் தரையில் பதிகிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். கட்டிலை அப்புறம் பூட்டலாம்.

அவன் மனைவி: சமையலறையில் எதையும் தொட வேண்டாம். நேராக மிஷினில் உட்கார வேண்டும். எதிர்ப்புறத்து மாடியிலிருந்து எல்லாம் தெரிகிறது, சாயங்காலத்துக்குள் கூடத்து ஜன்னலுக்கு இரண்டு திரை ஏற வேண்டும். புது ஊசி நீலப் பெட்டியில் இருக்கிறது. அவளே மாட்டிக்கொள்ள வேண்டும்.

நான்: பெட்டி பிரிக்க வேண்டும். அடுப்பு மாட்ட வேண்டும். தார்ப்பாய்க்காரியோடு நான்கு பேருக்குச் சோறு, தூக்க வந்தவர்களோடு சேர்த்து ஆறு. அவள் தைத்து முடிக்கும்வரை கூடத்துப் பக்கம் போகக் கூடாது. நூல் அறுந்த சத்தம் கேட்டாலும் போகக் கூடாது. அவளாகக் கூப்பிட்டால் போகலாம்.